ஹாஜியார் மில்லில் கடைசி ஒன்றரை நிமிடம்

2025 பிப்ரவரி 13, வியாழக்கிழமை. காலை 4.20க்கு விழித்தேன். கோயம்புத்தூரிலும் இதே நேரத்துக்குத்தான் எழுவேன். பல் துலக்கி, மொட்டை மாடியில் இருபது நிமிடம் நடந்து, ஒரு டம்ளர் வெந்நீர் குடித்தேன். ஒலி பதியும் என் நான்கு சென்ஸர்களையும் துணியால் துடைத்து, எண் வரிசைப்படி பெட்டியில் அடுக்கினேன். பிறகு நோட்டில் அன்றைய பக்கத்தின் தலைப்பில், காதில் விழும் ஒலிகளை எழுதினேன். எந்த ஊருக்குப் போனாலும் இது என் வழக்கம். கல்முனைக்குடி, இலங்கை, காலை 5.10: மூன்று பள்ளிவாசல்களின் பாங்கு, ஒன்றுக்கொன்று சில நொடி பிந்தி. கிழக்கே கடல். கீழ்வீட்டில் யாரோ தேங்காய் துருவுகிறார்கள். ஒரு மோட்டார் சைக்கிள், ஸ்டார்ட் ஆகவில்லை.

வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். ரிஸ்வானா என்னிடம் முதுகலை படித்த மாணவி. இப்போது இங்கே மாணவர்களுக்கு அதே பாடத்தை நடத்துகிறார். அவருடைய வாப்பாவுக்கு வயல் ஓரமாக ஓர் அரிசி மில் இருக்கிறது. அந்த மில் ஒரு மாதமாக 'தட்டுகிறது'. எங்கே தட்டுகிறது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. இரைச்சலைக் கழித்துவிட்டு, அதற்குள் எப்போதாவது வந்துபோகும் சின்ன ஒலியை மீட்டெடுப்பதுதான் நான் இருபத்தைந்து வருடமாகச் சொல்லிக்கொடுக்கும் பாடம். "சேர், படிப்பிச்சதைச் செஞ்சு காட்டுங்க" என்று போனில் ரிஸ்வானா சொன்னபோது மறுக்க வழியில்லை. கல்லூரியில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

காலை உணவு புட்டு, கீரிமீன் ஆணம், தேங்காய்ச் சம்பல், கடைசியில் எருமைத் தயிர். இங்கே குழம்பை ஆணம் என்கிறார்கள். தயிர் சட்டியைக் கவிழ்த்தாலும் விழாது போலிருந்தது. எங்கள் ஊரில் தயிரை ஊற்றுவோம். இங்கே வெட்டி எடுக்கிறார்கள். நான் இரண்டு கரண்டியோடு நிறுத்தியதும் ரிஸ்வானாவின் உம்மா மகளிடம் சொன்னார்: "உங்கட சேர் குருவி கொத்துற மாதிரியெல்லோ தின்னுறார். கோயம்புத்தூர்ல எல்லாரும் இப்பிடியா?"

ரிஸ்வானாவுக்கு எட்டு மணிக்கு வகுப்பு. வாப்பா விடியும்போதே மில்லுக்குப் போயிருந்தார். நானே போய்விடுகிறேன் என்று சொல்லி ஓட்டோ பிடித்தேன்.

"எங்க போகணும் சேர்?"

"ஹாஜியார் மில்."

"ஓம், ஏறுங்க."

பாதித் தெருவில் நெல் காயப் போட்டிருந்தார்கள். ஓட்டோ ஒரு சக்கரத்தை மண்ணிலும் மற்ற சக்கரங்களைத் தாரிலும் வைத்து, ஒரு நெல்மணியையும் மிதிக்காமல் போனது. இறங்கிய இடத்தில் ஒரு ஹாஜியார் இருந்தார். என்னை உட்கார வைத்து பிளேன்டீ கொடுத்தார். பால் இல்லாத தேநீர். சர்க்கரையைத் தனியாகக் கையில் வைத்துக் கடித்துக்கொள்ள வேண்டும். குடித்து முடித்த பிறகுதான் அவர் மில்லில் ஒரு கோளாறும் இல்லை என்று தெரிந்தது. இரண்டாவது மில்லிலும் ஒரு ஹாஜியார், ஒரு பிளேன்டீ. மூன்றாவது இடத்தில் இருந்தவர் சிரித்துவிட்டார்.

"சேர், இந்த றோட்டில மில்லு வெச்சிரிக்கிற எல்லாரும் ஹாஜியார்தான். பேரைச் சொல்லுங்க."

"ஆதம்பாவா ஹாஜியார்."

"அதிலயும் ரெண்டு பேர் இரிக்காங்க."

"ஒரு மாதமாகத் தட்டுகிற மில்."

ஓட்டோக்காரர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "தட்டுற மில்லா? அதை முதல்லயே சொல்லியிரிக்கலாமே சேர்! அது ஊருக்கே தெரியும்."

அங்கேயும் பிளேன்டீ குடிக்காமல் விடவில்லை. தட்டுகிற மில்லைச் சேர்ந்தபோது மணி 9.15. ஒன்றரை மணி நேரம், மூன்று தேநீர்.

தட்டல் வாசலிலேயே கேட்டது. ஆனால் எல்லாச் சத்தங்களோடும் சேர்ந்து கேட்டது. ஒரே மோட்டார். அது சுற்றும் நீண்ட இரும்புத் தண்டிலிருந்து நான்கு பெல்ட்டுகள் இறங்குகின்றன. ஒன்று நெல்லைச் சலிக்கும் சல்லடைக்கு, ஒன்று உமி நீக்கும் மெஷினுக்கு, ஒன்று அரிசி தீட்டும் கல்லுக்கு, ஒன்று நெல்லை மேலே தூக்கும் வாளிகளுக்கு. நான்கும் ஒரே சமயத்தில் கத்துகின்றன. நடுவில் எங்கோ டக் என்று ஒன்று.

ரிஸ்வானாவின் வாப்பா ஆதம்பாவா ஹாஜியாருக்கு அறுபத்தெட்டு வயது. வெள்ளைச் சாரன், வெள்ளைத் தொப்பி, குரல் மட்டும் மில்லுக்கு மேலே கேட்கும். அவருடைய மச்சான் ஜௌபர்தான் மில்லை நடத்துகிறார். மெக்கானிக் தங்கராசா, பக்கத்துப் பாண்டிருப்பிலிருந்து பத்தொன்பது வருடமாகச் சைக்கிளில் வருகிறவர். கைகூப்பிவிட்டுத் தள்ளி நின்றார்.

"உமி மெஷின்தான் சேர்" என்றார் ஜௌபர். "அதுட பெல்ட்டைக் கழட்டினா கொஞ்ச நேரத்தில தட்டல் நிண்டிரும். வேற என்ன சாட்சி வேணும்?"

"அதுட பெயாரிங்கை ரெண்டு தரம் மாத்தியாச்சு" என்றார் ஹாஜியார். "ரெண்டு தரமும் தங்கராசாதான் மாத்தினது. தட்டல் போகல்ல."

"நான் கல்லு எண்டுதான் சொன்னன்" என்றார் தங்கராசா, தரையைப் பார்த்துக்கொண்டு.

"கல்லு, கல்லு! கல்லைத் தூக்குறதெண்டா ரெண்டு நாள் மில்லை நிப்பாட்டணும். முத்தத்தைப் பாருங்க சேர்."

பார்த்தேன். முற்றம் முழுவதும் நெல் மூட்டைகள், மேலே நீலப் படங்கு போர்த்தியிருந்தார்கள். பெரும்போக அறுவடை. வானத்தில் மேகம். மழை உள்ளே இறங்கினால் நெல் முளைத்துவிடும். கல்லைத் தூக்கிப் பார்த்து அங்கே ஒன்றும் இல்லையென்றால், வீணான இரண்டு நாளுக்கு யார் பதில் சொல்வது?

"இன்னொரு பிழை விட்டா இனிக் கொழும்பு ஆள்தான், தங்கராசா. நான் சொல்லிட்டன்" என்றார் ஹாஜியார். தங்கராசா எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டு போனார். இரண்டு முறையும் மாற்றச் சொன்னது ஜௌபர். பிழை மட்டும் மாற்றியவர் கணக்கில் விழுந்திருந்தது.

வெளியே அரிசிக்காகக் காத்திருந்த அம்பாறை லாரி டிரைவர் சிங்களத்தில் ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். ஜௌபர் எனக்கு மொழிபெயர்த்தார்: "இந்த மில்லுக்கு இருமலாம். இந்தியாவில இருந்து டொக்டர் வந்திரிக்கிறாராம்."

டாக்டர் வேலையைத் தொடங்கினேன். மெஷினுக்கு ஒன்றாக நான்கு சென்ஸர்களைக் காந்தத்தால் ஒட்டினேன். 9.40 முதல் 12.05 வரை பதிவு. என் நோட்டின் முதல் பக்கத்தில் பதிவுக்கான ஒன்பது விதிகள் இருக்கின்றன. மூன்றாவது விதி: மெஷின் நிலையான வேகத்தில் ஓடும்போது மட்டும் பதிவு செய், நிறுத்துவதற்கு முன்பே பதிவை முடி. பாங்கு சொல்லப் போகிறார்கள், மோட்டாரை நிறுத்துவார்கள் என்று தெரிந்ததும் 12.05க்கே எல்லாவற்றையும் கழற்றிப் பெட்டியில் வைத்தேன். பெட்டியை மூடும்போது தங்கராசா ஒரு மாதிரி பார்த்தார். நான் அதை நோட்டில் எழுதவில்லை.

என் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கல்யாண மண்டபத்தில் மேளமும் நாதஸ்வரமும் முழங்கிக்கொண்டிருக்கும். அதற்குள்ளும் யாராவது நம் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறோம். மேளம் தாளத்தில் வருகிறது. அடுத்த அடி எப்போது விழும் என்று காதுக்கு முன்பே தெரியும். தெரிந்ததைக் கழித்துவிட்டால் தெரியாதது மிஞ்சும். கூப்பிடும் குரலோ எப்போதாவது, கொஞ்ச நேரம் மட்டும். இரைச்சலுக்கு ஓர் ஒழுங்கு உண்டு, தேடும் ஒலி அரிது. இந்த இரண்டையும் நம்பித்தான் கணினி இரண்டையும் பிரிக்கிறது.

மாலை நான்கரைக்கு ஹாஜியார் வீட்டு மேசையில் முடிவு வந்தது. நான்கு மெஷின்களின் இரைச்சலையும் கணினி சுத்தமாகக் கழித்திருந்தது. மிஞ்சியது ஒரு நேர்கோடு. தட்டல் இல்லை.

"அப்ப எங்கட மில்லுக்கு ஒரு நோய் வருத்தமும் இல்லையா சேர்?" என்றார் ஜௌபர், முகத்தை வெகு சீரியஸாக வைத்துக்கொண்டு. "ஊரெல்லாம் கேக்குது. உங்கட பெட்டிக்கு மட்டும் காது கேக்கல்ல போல."

"மாமா, கொஞ்சம் சும்மா இரிங்க" என்றார் ரிஸ்வானா. ஆனால் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஆறு மணிக்குத்தான் பிழை புரிந்தது. எல்லாம் ஒரே தண்டில் ஓடுகின்றன. அதனால் தட்டலும் இரைச்சலின் தாளத்திலேயே, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் விழுகிறது. கூப்பிடுகிறவர் மேளத்தின் ஒவ்வொரு அடியோடும் சேர்ந்து கூப்பிட்டால் அவரும் மேளம்தான். தட்டலையும் இரைச்சல் என்றே கணினிக்குக் கற்றுக்கொடுத்து, இரண்டையும் சேர்த்துத் துடைத்திருந்தேன். இதை எழுதி அடிக்கோடிட்டேன். என்ன செய்வது என்று எழுத ஒன்றுமில்லை. அடுத்த வரியைக் காலியாக விட்டேன்.

14, வெள்ளி. காலை இடியப்பம், சொதி. ஏழு மணிக்கே மில். ஒவ்வொரு மெஷினாக நிறுத்திப் பார்க்கலாமா என்று கேட்டேன்.

"கல்லுட பெல்ட்டைத் தனியத் தள்ளினா, வாற அரிசி போக வழியில்லாம அடைச்சிக் கொட்டிரும்" என்றார் ஜௌபர். "வெறுமனே ஓட விட்டா ஒண்டுமே தட்டாது. செஞ்சு பார்த்தாச்சு சேர்."

அதைக் கேட்டுக்கொண்டிருந்த தங்கராசா மெல்லச் சொன்னார்: "கல்லுக்குள்ள அரிசி இருக்கக்குள்ளதான் தட்டும் ஐயா. உமி மெஷின நிப்பாட்டினா அரிசி வாறது நிண்டு கல்லு வெறுமையாகும். தட்டலும் நிக்கும். அதைத்தான் இவர் உமி மெஷின் எண்டுறார்."

ஜௌபர் கேட்காததுபோல் மூட்டைகளை எண்ணப் போய்விட்டார்.

சொன்னது எனக்குச் சரியாகப் பட்டது. ஆனால் பட்டால் போதாது, காட்ட வேண்டும். இடம் மாற்றி மாற்றி ஒட்டி நான்கு மணி நேரம் பதிவு செய்தேன். 11.25க்கு மில்லில் அவசரம் தொடங்கியது. வெள்ளிக்கிழமை, எல்லோரும் வீட்டுக்குப் போய்க் குளித்து, உடுத்து, ஜும்மாவுக்குப் போக வேண்டும். நான் வழக்கம்போல் முதல் சென்ஸரைக் கழற்றக் கை வைத்தேன்.

"ஏன் ஐயா கழட்டுறீங்க?" என்றார் தங்கராசா.

"மோட்டாரை நிறுத்தப் போகிறார்களே."

"இனித்தானே ஐயா அது கதைக்கும்."

கையை எடுத்துவிட்டேன். இவர்களுக்கு ஒரு வழக்கம். தொழுகைக்கு நிறுத்தும்போது, மாலையில் செய்வதுபோல் அரிசியைக் காலி செய்வதில்லை. அப்படியே விட்டுவிட்டு, ஒவ்வொரு பெல்ட்டையும் பக்கத்தில் சும்மா சுற்றும் சக்கரத்துக்குத் தள்ளி, மோட்டாரை அணைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அந்தக் கணத்தில் நான்கு மெஷின்களும் தண்டிலிருந்து விடுபட்டு, தன் தன் கனத்துக்கு ஏற்றபடி தனித்தனியே ஓய்கின்றன. ஒரு மாதமாக ஒன்றாகக் கத்தியவை ஒன்றரை நிமிடம் மட்டும் தனித்தனியாகப் பேசுகின்றன. அதைக் கேட்க மில்லில் ஒருவரும் இருப்பதில்லை. தங்கராசா மட்டும் இருக்கிறார். அவர் பள்ளிவாசலுக்குப் போக வேண்டியதில்லையே.

பெல்ட்டுகளைத் தள்ளினார்கள். மோட்டார் அணைந்தது. சைக்கிள்களும் மோட்டார் சைக்கிள்களும் வாசலைத் தாண்டின. வாளிகள் உடனே நின்றன. சல்லடை இரண்டு குலுக்கலில் அடங்கியது. உமி மெஷின் கீச்சென்று ஒரு முறை இழுத்து நின்றது. கல் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. தங்கராசா தம் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையைக் கல்லின் அடியில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக்கொண்டார். எனக்கு ஸ்க்ரூ டிரைவர் தேவைப்படவில்லை. டக். டக். பிறகு டக்... டக். கல் மெதுவாக ஆக ஆகத் தட்டலும் விலகி விலகி வந்தது.

எனக்கு வந்த சந்தோஷத்தில் மணி பார்க்க மறந்துவிட்டேன். இதையும் இங்கே பதிந்து வைக்கிறேன்.

ஊர் முழுவதும் ஜும்மாவில் இருந்த நேரத்தில் நான் கணக்குப் போட்டேன். இப்போது இரைச்சல் ஒரு தாளம், தட்டல் வேறு தாளம். கணினி தடுமாறாமல் பிரித்தது. உமி மெஷின் இருபத்திரண்டாம் நொடியில் நின்றிருக்கிறது. அதற்குப் பிறகும் நாற்பத்தொரு தட்டல்கள். முதல் இரண்டும் நெருக்கமாக, கடைசி இரண்டுக்கும் நடுவே ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம். நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பி, மூன்றாவது விதியை ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு அடித்தேன்.

மதியம் ஹாஜியார் வீட்டில் சகன் சாப்பாடு. பெரிய தட்டு ஒன்றில் சோறும் இறைச்சியும் கத்தரிக்காயும் குவித்து, நான்கைந்து பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். எங்கள் ஊரில் ஆளுக்கு ஓர் இலை, என் இலை என் எல்லை. நான் என் பங்குக்கு விரலால் மெல்ல ஒரு கோடு இழுத்துக்கொண்டேன். ஜௌபர் நல்ல துண்டாகப் பார்த்து என் எல்லைக்குள் தள்ளிக்கொண்டே இருந்தார். கடைசியில் கோடு எங்கே என்று எனக்கே தெரியவில்லை. இனிப்புக்கு வட்டிலப்பம் வந்தபோது எழுந்திருக்க முடியவில்லை.

கை கழுவிய பிறகு ஹாஜியாரிடம் திரையைக் காட்டினேன். அவர் கண்ணாடி போட்டுப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றியும் பார்த்தார்.

"சேர், நீங்க படிச்சவர். பிழையாச் சொல்லமாட்டீங்க. ஆனா இந்தக் கோட்டுக்காக ரெண்டு நாள் மில்லை நிப்பாட்ட என்ட மனசு கேக்குதில்ல. எனக்குக் காதால கேக்கணும்."

"கேட்கலாம் வாப்பா" என்றார் ரிஸ்வானா. "அஸர் தொழுகைக்குப் பத்து நிமிஷம் முந்தி நிப்பாட்டுங்க. நிப்பாட்டினதும் ஒருத்தரும் போகாதீங்க. அவ்வளவுதான்."

மாலை 3.20. மில்லில் இருந்த ஒன்பது பேரும் கல்லைச் சுற்றி நின்றோம். பெல்ட்டைத் தள்ளினார்கள். வழக்கத்தில் வாசலை நோக்கித் திரும்பிய இருவரை ஹாஜியார் "நில்லுங்க!" என்று ஓர் அதட்டலில் நிறுத்தினார். வாளி, சல்லடை, உமி மெஷின், வரிசையாக ஓய்ந்தன. ஹாஜியார் ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

டக்... டக்...... டக்.

அவர் கண்ணைத் திறக்காமலே ஸ்க்ரூ டிரைவரை ஜௌபரிடம் நீட்டினார். ஜௌபர் கேட்டார். நின்றுபோன உமி மெஷினைப் பார்த்தார். மறுபடி கேட்டார். கல் நின்றது.

"அது நிண்டிட்டு. இது தட்டுது" என்றார் ஜௌபர், யாரிடமும் இல்லாமல்.

"ஏன் தங்கராசா," என்றார் ஹாஜியார், "இதை முன்னமே எங்களுக்குக் கேக்கக் காட்டியிரிக்கலாமே?"

"ஒரு மாசமாச் சொல்றன் ஹாஜியார். நில்லுங்க எண்டு சொல்லக்குள்ள நீங்க எல்லாரும் பள்ளிக்குப் போயிருவீங்க. தொழப் போற ஆக்கள நான் எப்பிடி மறிக்கிற?"

ஹாஜியார் முதலில் சிரித்தார். மூட்டை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். ஜௌபர் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்து, தங்கராசாவின் தோளில் ஒரு குத்து விட்டார். சிரிப்பு அடங்குமுன் பாங்கு வந்துவிட்டது.

15, சனி. காலை 6.30க்குக் கல்லின் மேல்மூடியைக் கழற்றினார்கள். சங்கிலி மாட்டிக் கல்லைத் தூக்க 10.50 ஆனது. தங்கராசா குழிக்குள் இறங்கி, அடிப் பெயாரிங்கைத் துணியில் சுற்றி மேலே கொடுத்தார். ஹாஜியார் அதைக் கையில் வைத்துச் சுற்றினார். ஓரிடத்தில் முரண்டு பிடித்தது. உள்ளே குண்டு ஒன்றில் நகம் நுழையும் அளவுக்குப் பொருக்கு பெயர்ந்திருந்தது.

"இத்தனாம்பெரிய மில்லை இந்தக் குண்டா ஆட்டினது?" என்று அவர் அதை எல்லோருக்கும் காட்டிக்கொண்டே வந்தார். லாரி டிரைவர்வரைக்கும் போய்க் காட்டினார்.

இரண்டு மணிக்குத் தூறல் விழுந்தது. எல்லோரும் முற்றத்துக்கு ஓடினோம். நானும் படங்கின் ஒரு மூலையைப் பிடித்தேன். காற்று அதை இழுத்தபோது என் செருப்பு ஒன்று வாய்க்காலில் விழுந்து போய்விட்டது. நெல் நனையவில்லை. தங்கராசா குழியிலிருந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மாலை 6.10க்குப் புதுப் பெயாரிங்கோடு கல் தன் இடத்தில் உட்கார்ந்தது. இரண்டு நாள் என்ற வேலை ஒரே நாளில் முடிந்தது. நான் ரப்பர்ச் செருப்பு ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன். குருவி என்று சொன்ன உம்மாவுக்கு அன்று என் தட்டைப் பார்த்து முழுத் திருப்தி.

16, ஞாயிறு. வெந்நீருக்கும் நடைக்கும் முன்னால், காலை ஆறே காலுக்கு மில்லில் நின்றோம். மோட்டாரை எப்போதும் ஹாஜியார்தான் இறைவன் பெயரால் பிஸ்மி சொல்லிப் போடுவார். அன்று அவர் சுவிட்சுக்கு ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றார்.

"பிஸ்மி நான் சொல்றன், தங்கராசா. சுவிச்ச நீ போடு."

மில் ஓடியது. சல்லடை, உமி மெஷின், கல், வாளிகள், எல்லாம் சேர்ந்து கத்தின. நடுவில் தட்டல் இல்லை. ஜௌபர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். தங்கராசா மட்டும் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.

"சல்லடையில ஒரு நட்டு இளகியிருக்கு" என்றார்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. சென்ஸர்கள் பெட்டியில் இருந்தன. ஹாஜியார் சாரனை மடித்துக் கட்டி, சுவரில் மாட்டியிருந்த ஸ்பேனரைத் தாமே எடுத்து வந்து தங்கராசாவிடம் நீட்டினார்.